ஒரு வகுப்பறை, இரண்டு ஆசிரியர்கள்

கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்த எந்த மாணவரின் கால அட்டவணையையும் எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம் ஒரு கட்டத்தில் இருக்கும். இயற்பியலோ பொருளியலோ பொறியியல் கணிதமோ வேறு கட்டங்களில் இருக்கும். பக்கத்து வகுப்பில் இயற்பியல் ஆசிரியர் இந்த வாரம் என்ன நடத்துகிறார் என்பது ஆங்கில ஆசிரியருக்குத் தெரியாது. இயற்பியல் ஆசிரியரோ, "பிள்ளைகளுக்கு இங்கிலீஷே வரலை, நான் என்ன செய்யறது?" என்று ஸ்டாஃப் ரூமில் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போவார். அங்கே படித்த மொழியையும் இங்கே கேட்ட பாடத்தையும் இணைக்கும் வேலை மாணவரின் தலையில் விழுகிறது. அந்த வேலையை எப்படிச் செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்தப் பிரிவினை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் இப்படித்தான் நடந்தன. மொழியையும் பாடத்தையும் ஒரே வகுப்பறையில் சேர்த்துக் கற்பிக்கும் முறை எங்கே, யாரால் பிறந்தது என்பது ஆசிரியர் தொழிலில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

முதல் அத்தியாயம் கனடாவில் சில தாய்மார்களோடு தொடங்குகிறது. மாண்ட்ரியால் நகருக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மறுகரையில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊர் இருக்கிறது. கியூபெக் மாகாணத்தில் பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசுபவர்கள். அங்கே வாழ்ந்த ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைப் பாடமாகப் படித்தார்கள், தேர்விலும் தேறினார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு பிரெஞ்சில் நாலு வார்த்தை பேச அவர்களால் முடியவில்லை. பிரெஞ்சு மக்கள் தம் மொழிக்கு உரிய இடத்தைக் கேட்டு எழுந்த காலம் அது. பிரெஞ்சு தெரியாத ஆங்கிலப் பிள்ளைக்கு அந்த மாகாணத்தில் எதிர்காலம் சுருங்கும் என்பதைப் பெற்றோர் சிலர் உணர்ந்துவிட்டார்கள்.

1963இல் அவர்கள் ஒரு குழுவாகக் கூடினார்கள். ஓல்கா மெலிகாஃப், வாலரி நீல், மூரியல் பார்க்ஸ் என்ற மூன்று பெண்கள் முன்னின்றார்கள். பிரெஞ்சைத் தனிப் பாடமாகச் சொல்லித் தருவதை விட்டுவிட்டு, எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே நடத்துங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. கல்வி நிர்வாகம் தயங்கியது. அவர்கள் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போய் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டையும் புகழ்பெற்ற நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டையும் சந்தித்து ஆதரவு திரட்டினார்கள். இரண்டு மொழி தெரிந்த குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதில்லை என்று லாம்பர்ட் 1962இலேயே எழுதியிருந்தார். கடைசியில் 1965 செப்டம்பரில் ஒரே ஒரு மழலையர் வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. 26 குழந்தைகள் சேர்ந்தார்கள்.

லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தக் குழந்தைகளை ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளை 1972இல் நூலாக வெளியிட்டார்கள். கணக்குப் பாடத்தில் குழந்தைகள் பின்தங்கவில்லை. ஆங்கில வாசிப்பில் முதலில் இருந்த பின்னடைவு, ஆங்கிலம் பாடமாகச் சேர்ந்த பிறகு சரியானது. பிரெஞ்சிலோ, அதைத் தனிப் பாடமாகப் படித்தவர்களைவிட வெகுதூரம் முன்னேறியிருந்தார்கள். வேறொன்றைக் கற்பதற்காகப் பயன்படுத்தும்போது மொழி தானும் வளர்கிறது என்பது அந்தத் தாய்மார்களின் பிடிவாதத்தால் ஆதாரத்தோடு நிலைநாட்டப்பட்டது.

பள்ளியில் பலித்தது பல்கலைக்கழகத்தில் பலிக்குமா? ஐந்து வயதுக் குழந்தைக்கு நேரம் இருக்கிறது. பூனை, மழை, பொம்மை எல்லாம் கண் முன்னால் இருக்கின்றன. இருபது வயது மாணவருக்கு அந்த வசதி இல்லை. கண்ணால் காண முடியாத கருத்துகளைக் கேட்டுப் புரிந்து, குறிப்பெடுத்து, சில மாதங்களில் தேர்வும் எழுத வேண்டும். பேராசிரியர் பாடத்தை முடித்தாக வேண்டும். மொழிக்காக அவர் காத்திருக்க மாட்டார்.

இதற்கு நேர்மையான முதல் விடைகளுள் ஒன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1970களில் பல நாடுகளிலிருந்து முதுகலை மாணவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு இனங்களை ஆராய்ந்து பெயர் பெற்ற ஜாக் ஹாக்ஸ், பயிர்களின் மரபு வளங்களைக் காப்பது பற்றி 1969இல் அங்கே ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கியிருந்தார். வளரும் நாடுகளின் இளம் விஞ்ஞானிகள் அதைத் தேடி வந்தார்கள். நெடுஞ்சாலை, போக்குவரத்து பற்றிய படிப்புகளுக்கும் வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்தார்கள். பிரிட்டனில் முதுகலைப் படிப்பு ஒரே ஆண்டில் முடிந்துவிடும். முதலில் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டு பிறகு பாடத்துக்குப் போகலாம் என்று எண்ணினால் பட்டத்துக்கு நேரம் இருக்காது.

டிம் ஜான்ஸ், டோனி டட்லி-எவன்ஸ் இருவரும் அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள். அறிவியல் ஆங்கிலம் என்ற பெயரில் பொதுவான பயிற்சிகள் கொடுத்துக்கொண்டிருந்தால் போதாது என்று அவர்கள் கண்டார்கள். மாணவர் தடுமாறுவது ஒரு குறிப்பிட்ட பேராசிரியரின், குறிப்பிட்ட விரிவுரையின், குறிப்பிட்ட பத்து நிமிடத்தில். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது மொழி ஆசிரியருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. பாட ஆசிரியரின் விரிவுரையை ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். மொழி ஆசிரியர் அதைக் கேட்டுக் கேள்வித்தாள் தயாரிப்பார். இந்த விரிவுரையின் மையக் கருத்து என்ன, இந்த எடுத்துக்காட்டு எதை விளக்க வந்தது, எந்த இடத்தில் ஆசிரியர் தன் சொந்தக் கருத்தைச் சொல்கிறார் என்ற வகைக் கேள்விகள் அதில் இருக்கும். பிறகு மாணவர்கள், மொழி ஆசிரியர், பாட ஆசிரியர் மூவரும் ஒரே அறையில் கூடுவார்கள். மாணவர் விடை சொல்வார். மொழிச் சிக்கலை மொழி ஆசிரியர் அவிழ்ப்பார். கருத்தில் பிழை இருந்தால் பாட ஆசிரியர் அங்கேயே திருத்துவார். இன்னொரு வகை அமர்வும் இருந்தது. பழைய தேர்வு வினாக்களை எடுத்துக்கொண்டு, இந்த வினா உண்மையில் என்ன கேட்கிறது, விடையை எந்த வரிசையில் அமைக்க வேண்டும், எவ்வளவு எழுதினால் போதும் என்று மூவரும் சேர்ந்து அலசுவார்கள். இங்கே மொழி எங்கே முடிகிறது, பாடம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட முடியாது.

அந்த அறையில் வெளிப்பட்ட செய்தி பல பேராசிரியர்களுக்குப் புதிதாக இருந்தது. மாணவர்களை அதிகம் குழப்பியவை கலைச்சொற்கள் அல்ல. அவற்றை அகராதியில் பார்க்கலாம். பாடநூலிலும் இருக்கும். பல சொற்களை அவர்கள் சொந்த நாட்டிலேயே படித்துவிட்டும் வந்திருந்தார்கள். பேராசிரியர் நடுநடுவே சாதாரணமாகச் சொல்லிப்போகும் பேச்சுவழக்குகளும் உவமைகளும் கிண்டல்களும்தான் அவர்களைத் தடுக்கி விழச் செய்தன. பாடத்தை எளிதாக்குவதற்காக அவர் சொன்னதே அவர்களுக்குக் கடினமாகிவிட்டது. தன் விரிவுரையில் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது அந்தப் பேராசிரியருக்கு அதுவரை தெரியாது. ஆண்டுத் தேர்வின் விடைத்தாளில்தான் தெரிய வரும். அப்போது காலம் கடந்திருக்கும்.

இந்த அனுபவத்தை ஜான்ஸும் டட்லி-எவன்ஸும் 1980இல் பிரிட்டிஷ் கவுன்சில் வெளியிட்ட தொகுப்பொன்றில் எழுதினார்கள். அவர்கள் வரைந்தது ஒரு முக்கோணம். தன் உழைப்பு ஆசிரியரின் எதிர்பார்ப்பை எட்டுகிறதா என்று மாணவருக்குத் தெரிய வேண்டும். தான் சொல்வது மாணவரை எட்டுகிறதா என்று பாட ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். அந்தத் துறையில் மொழி எப்படிப் புழங்குகிறது, எங்கே சிக்குகிறது என்று மொழி ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். மூவரில் எவரும் தனியே இருந்து இதை அறிய முடியாது.

என் பார்வையில் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை இந்த முறை பிறந்த இடம் இதுதான். அதுவரை குறை மாணவரிடம் மட்டும் தேடப்பட்டது. பர்மிங்ஹாமில் முதல்முறையாகப் பேராசிரியரின் பேச்சும் பரிசோதனைக்கு வந்தது. தன் சொற்பொழிவை இன்னொருவர் பதிவு செய்து கேட்கவும், மாணவர் முன்னிலையில் அதை அலசவும் ஒப்புக்கொண்ட அந்தப் பாட ஆசிரியர்களின் துணிவு எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டாண்டு கழித்து, 1982இல், கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகம் இதே கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து அணுகியது. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் அது. செயின்ட் லாம்பர்ட்டின் வழியில் பள்ளிப் படிப்பை முடித்த தலைமுறை கல்லூரிக்கு வரத் தொடங்கியிருந்தது. மார்ஜரி வெஷே, ஹென்றி எட்வர்ட்ஸ் ஆகியோரின் குழு, உளவியல் அறிமுகப் பாடத்தின் இரண்டாம் பகுதியைத் தேர்ந்தெடுத்தது. ஆங்கில மாணவர்களுக்குப் பிரெஞ்சில் ஒரு வகுப்பு, பிரெஞ்சு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வகுப்பு. அந்தந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களை அந்த வகுப்பில் சேர்க்கவில்லை. எல்லோரும் கற்றுக்கொண்டிருப்பவர்கள் என்பதால், பேராசிரியர் நிதானமாகவும் தெளிவாகவும் பேசுவார், மாணவரும் கூச்சமின்றிக் கேள்வி கேட்பார் என்பது எண்ணம்.

பாடம் நடத்தியவர்கள் அனுபவமுள்ள உளவியல் பேராசிரியர்கள். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் சுமார் 15 நிமிடம் மொழி ஆசிரியருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் இலக்கணம் நடத்தவில்லை. அன்றைய பாடத்தில் வரவிருக்கும் சொற்கள், படிக்க வேண்டிய பகுதி, புரியாதபோது பேராசிரியரை மரியாதையோடு இடைமறித்துக் கேட்பது எப்படி என்பவைதான் அந்த 15 நிமிடத்தின் பாடம். செமஸ்டர் முடிவில் கணக்குப் பார்த்தபோது, இவர்கள் உளவியலில் தங்கள் தாய்மொழியில் படித்தவர்களுக்கு இணையாக வந்திருந்தார்கள். மொழியிலோ, தனி மொழி வகுப்புக்குப் போனவர்கள் பெற்ற முன்னேற்றத்தை இவர்களும் பெற்றிருந்தார்கள். அந்த மொழியைப் பயன்படுத்துவதில் இருந்த தயக்கமும் குறைந்திருந்தது. ஒரே வகுப்பு நேரத்தில் இரண்டு பலன். அந்த ஆய்வுக்குழுவில் ஸ்டீபன் கிராஷனும் இருந்தார். புரிகிற மொழியைக் கேட்பதே மொழி கற்பதன் அடிப்படை என்று வாதிட்டுவந்த அவருக்கு இது வலுவான சான்றாக அமைந்தது.

ஆனால் கேட்டுப் புரிந்தால் மட்டும் போதுமா? டொராண்டோவில் மெரில் ஸ்வெய்ன் இந்தக் கேள்வியை 1985இல் எழுப்பினார். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சில் பாடம் படித்த ஆங்கிலப் பிள்ளைகள் பிரெஞ்சை மிக நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேசும்போதும் எழுதும்போதும் மட்டும் அடிப்படைப் பிழைகள் நீங்கவில்லை. காரணம், வகுப்பில் பேசியவர் ஆசிரியர். மாணவர் வாயைத் திறந்து நீண்ட வாக்கியமாகச் சொல்லவும், எழுதிப் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பாடத்தை அந்த மொழியில் நடத்திவிட்டால் மொழி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல மருந்து. இன்றும் இதை மறந்துதான் பல கல்லூரிகள் நடக்கின்றன.

ஒட்டாவா முறைக்கு இன்னொரு எல்லையும் இருந்தது. உளவியல் அறிமுகம் போன்ற பெரிய பாடத்துக்குத் தனி வகுப்பு திறக்கலாம். சிலர் மட்டுமே எடுக்கும் மேல்நிலைப் பாடத்துக்கு அது முடியாது. ஆகவே வழி மாறியது. மாணவர் பொது விரிவுரையில் எல்லோரோடும் உட்காருவார், அதே பாடத்தைப் பற்றிய மொழி வகுப்பு ஒன்று வாரந்தோறும் கூடவே நடக்கும். ஒட்டாவாவில் 2006இல் தொடங்கிய பிரெஞ்சு வழித் திட்டம் இந்த அமைப்பில்தான் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் முதலாமாண்டு மாணவர்களுக்கான கோடைகாலத் திட்டத்தில் இதேபோல் மொழி வகுப்பையும் பாட வகுப்பையும் ஜோடியாகப் பிணைத்தது. அங்கே பணியாற்றிய டோனா பிரிண்டன், மார்கரெட் ஆன் ஸ்னோ இருவரும் வெஷேயோடு சேர்ந்து 1989இல் எழுதிய நூல், சிதறிக் கிடந்த முயற்சிகளுக்கு ஒரு முறைமையைக் கொடுத்தது.

ஐரோப்பாவில் கதை வேகம் பிடித்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் 1987இலேயே பன்னாட்டு மேலாண்மைப் படிப்பை ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. 1994இல் பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மார்ஷ், பாடமும் மொழியும் இணைந்த கல்விக்கு 'கிளில்' என்ற சுருக்கப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1999இல் 29 ஐரோப்பிய நாடுகள் போலோன்யாவில் ஒப்புக்கொண்ட உயர்கல்விப் பிரகடனத்துக்குப் பிறகு மாணவர்கள் நாடுவிட்டு நாடு போவது பெருகியது. ஆங்கில வழிப் படிப்புகள் மளமளவென்று முளைத்தன. ஆசிரியருக்கும் தாய்மொழி ஆங்கிலமன்று, மாணவருக்கும் அன்று. பலகையை மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் பழையபடியே பாடம் நடத்திய இடங்கள் ஏராளம். மொழியைக் கவனிக்க யாரும் இல்லாமல் பாடத்தை மட்டும் ஆங்கிலத்தில் ஓட்டுவது ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பது வேறு என்ற தெளிவு அப்போது அவசரத் தேவையானது. உயர்கல்விக்கென்றே இதைப் பேச 2003இல் மாஸ்ட்ரிக்டில் ஒரு மாநாடு கூடியது.

இந்தக் கதையில் தென்னாப்பிரிக்காவுக்குத் தனி இடம் தர வேண்டும். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, அதுவரை கதவடைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் உயர்கல்விக்கு வந்தார்கள். கேப் டவுனின் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் சிசிலியா ஜேக்கப்ஸ் மொழி ஆசிரியர்களையும் பாட ஆசிரியர்களையும் இணை இணையாகச் சேர்த்து நீண்டகாலம் பணியாற்ற வைத்தார். பாட ஆசிரியர் தன் துறைக்குள் ஆழ ஊறியவர். தன் துறை எப்படி வாதிடுகிறது, எதைச் சான்றாக ஏற்கிறது, எதைச் சொல்லாமலே விடுகிறது என்பதெல்லாம் அவருக்குப் பழகிப்போனவை. அதனாலேயே அவற்றைச் சொல்லித் தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. பக்கத்தில் அமர்ந்த மொழி ஆசிரியர் ஒன்றும் அறியாதவராக, "இதை ஏன் இப்படி எழுதுகிறீர்கள்?" என்று கேட்கும்போதுதான் அது அவர் கண்ணில் படுகிறது. பர்மிங்ஹாமில் இருவரும் மாணவருக்காகக் கூடினார்கள். கேப் டவுனில் அந்தக் கூட்டு ஆசிரியர்களையே மாற்றியது.

இதெல்லாம் அந்நிய மொழியில் படிப்பவர்களின் சிக்கல்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனில் 1975இல் வெளியான புல்லக் குழு அறிக்கை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளில், ஒவ்வொரு பாட ஆசிரியரும் மொழிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று சொன்னது. அமெரிக்கக் கல்லூரிகளில் 1970களிலேயே எல்லாத் துறையிலும் எழுத்தைக் கற்பிக்கும் இயக்கம் எழுந்தது. ஆய்வகக் குறிப்பு, வழக்குத் தீர்ப்பின் சுருக்கம், கணிதத்தில் ஒரு நிறுவல், நோயாளியின் விவர அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் உரிய மொழி, யாருக்கும் வீட்டில் தாய்ப்பாலோடு கிடைப்பதில்லை. அதைக் கல்லூரியில்தான் கற்க வேண்டும்.

தமிழ் வழியில் உயர்கல்வி என்ற நம் நெடுநாள் பேச்சையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பிறகு தமிழிலேயே கற்பிக்கும் முடிவுக்கு வந்து, மாணவர்களின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சொற்களைத் தேடுவதும் மருத்துவம் படிப்பதும் அங்கே ஒரே வேலையாக நடந்தன. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. தமிழ் வழியை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனாலும் பயிற்றுமொழி தமிழானதும் வேலை முடிந்துவிடாது. ஓர் ஆய்வு முடிவைத் தமிழில் எப்படி எழுதுவது, ஒரு சூத்திரத்தின் வருவிப்பைத் தமிழில் எப்படிப் படிப்படியாகச் சொல்வது என்று யாராவது சொல்லித் தந்தாக வேண்டும். அந்த வகுப்பிலும் இரண்டு ஆசிரியர்கள் தேவை.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வரும் பிள்ளை, முதல் செமஸ்டரில் அரியர் வைத்துவிட்டுத் தனக்கு மூளை இல்லை என்று நம்பத் தொடங்குகிறது. இதைப் பார்க்காத கல்லூரி ஆசிரியர் நம்மிடையே இருக்க மாட்டார். அந்தப் பிள்ளைக்குத் தனியே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. அங்கே சுயஅறிமுகமும் ஹோட்டலில் ஆர்டர் கொடுப்பதும் கற்றுவிட்டு வந்து, வெப்ப இயக்கவியல் வகுப்பில் மறுபடியும் வாயடைத்து உட்காரும்.

முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் செமஸ்டரில் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் பேர் தோற்கிற பாடமாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தப் பாட ஆசிரியரும் மொழி ஆசிரியரும் சேர்ந்து வகுப்பில் நிற்கும்படி அட்டவணை போடுங்கள், அந்த மணி நேரத்தை இருவரின் பணிச்சுமையிலும் முழுதாகக் கணக்கில் சேருங்கள். பர்மிங்ஹாமில் ஒலிநாடா தேவைப்பட்டது, உங்களுக்குக் கைபேசி போதும். ஒரு விரிவுரையைப் பதிவு செய்து, மாணவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் புரியாமல் போனது என்று அவர்களைச் சொல்ல விடுங்கள். அடுத்த வாரப் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.